ஹைதராபாத்து மேல்விலாசம்

ஊரிலிருந்து கடிதம் வந்தால், உறையைப் பிரிப்பதற்கு முன் மேல்விலாசத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நம் வழக்கம். அயல்மாநிலத்தில் குடியிருப்போர் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. நம் வீட்டை ஊரார் எவ்வாறு அறிந்து வைத்திருக்கிறார்கள் என்பது அந்த நான்கு வரிகளில் தெரிந்துவிடுகிறதல்லவா?

தமிழ்நாட்டுக் கிராமத்து விலாசம் சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிவது. பெயர், தகப்பனார் பெயர், தெரு, ஊர், அஞ்சல், இன்ன ஊர் வழி, வட்டம், மாவட்டம் என்று அது படிப்படியாக விரியும். ஜப்பானியர் இதற்கு நேர்மாறாகப் பெரிய பிரிவை முதலில் எழுதி, ஆளின் பெயரை இறுதியில் எழுதுவர். எம்முறையாயினும், தெருவைக் கண்டுபிடித்துக் கதவிலக்கங்களை எண்ணிக்கொண்டே நடந்தால் வீடு வந்துவிடும் என்பது நம்மவர் நம்பிக்கை. சென்னையில் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டையும் எழுத நேர்ந்த பிறகு அந்த நம்பிக்கை சற்றே ஆட்டங்கண்டது. அது வேறு கதை.

ஹைதராபாத்தில் அவ்வாறு எண்ணிக்கொண்டு நடந்தால் வீடு வராது. இங்குப் பழைய பகுதிகளின் கதவிலக்கம் மூன்று உறுப்புகளைக் கொண்டது: முதலாவது வார்டு, இரண்டாவது பிளாக், மூன்றாவது வீடு. 3-6 என்று இலக்கம் தொடங்கினால், விஷயம் தெரிந்தவர் ஹிமாயத்நகர்ப் பக்கம் என்று உடனே சொல்லிவிடுவார். மனை இரண்டாகப் பிரிந்தால் ஒரு சாய்கோடும் புதிய எண்ணும் சேரும். மீண்டும் பிரிந்தால் இன்னொரு சாய்கோடு. ஜூபிலி ஹில்ஸில் 8-2-293/82 என்ற இலக்கத்தின் கீழ் ஒரு பெரிய குடியிருப்பே அடங்கிக் கிடக்கிறது. ஆகவே இந்த இலக்கம் வீடு தெருவில் எங்கே இருக்கிறது என்று சொல்வதைவிட, மனையின் வம்சாவளியையே சொல்கிறது எனலாம். தெருவில் இடத்தைக் காட்டுவது 'கோயிலுக்கு எதிரில்', 'பள்ளிக்குப் பின்புறம்' என்னும் அடையாள வரிதான். புதிதாக வந்தபோது அவ்வரியை அநாகரிகம் என்று நினைத்தோம். அது நம் அறியாமை.

அதற்கு விலையும் கொடுத்தோம். 1987-இல் வீடு மாறியபோது, சாய்கோட்டையும் அதற்குப் பின்வந்த எண்ணையும் விட்டுவிட்டு ஊருக்கு விலாசம் எழுதி அனுப்பினோம். பெரியப்பா படுத்த படுக்கையாயிருக்கிறார், பார்க்க விரும்புகிறார் என்று வந்த கடிதம், மூல இலக்கத்துக்குரிய வீட்டின் முற்றத்தில் ஒன்பது நாள் கிடந்தது. அவ்வீட்டார் வெளியூர் போயிருந்தனர். திரும்பி வந்தவர்கள் விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாம் ஊர் போய்ச் சேர்ந்தபோது காரியங்கள் தொடங்கிவிட்டன. தபால்காரர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. உறையில் எழுதியிருந்த வீட்டில்தான் அவர் கொடுத்திருந்தார்.

பின்கோடு இருந்தும் அது உதவவில்லையே என்று சிலர் கேட்கலாம். 1972 ஆகஸ்ட் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அந்த ஆறிலக்க முறையை வகுத்தவர், ஸம்ஸ்கிருதக் கவிஞருமான ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். அதன் முதல் இலக்கம் மண்டலம். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபாலாபீஸைக் குறிக்கும். அங்கிருந்து வீட்டு வாசல்வரை வழிகாட்டுவது அதன் வேலையன்று. தமிழ்நாட்டுக்கு 6, தெலங்கானாவுக்கு 5. நம்மவருக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. 500004 கைரதாபாத்; 600004 மயிலாப்பூர். பழக்கத்தால் கை 6 என்று எழுதிவிட்டால், ஹைதராபாத்துக் கடிதம் கபாலீசுவரர் கோயில் பக்கம் போய் நிற்கக்கூடும்.

2025 மே மாதத்தில் தபால் இலாகா 'டிஜிபின்' என்னும் புதிய குறியீட்டை வெளியிட்டது. அதை உருவாக்குவதில் ஹைதராபாத் ஐ.ஐ.டி.யும், இந்நகரிலுள்ள தேசியத் தொலையுணர்வு மையமும் பங்கேற்றன. நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தெண்கள் கொண்ட அடையாளம் தந்திருக்கிறார்கள். சாய்கோட்டுச் சிக்கலுக்கு நல்ல மருந்துதான். ஆயினும் மாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டாருக்கும் ஐந்தாம் மாடிக்காரருக்கும் ஒரே குறியீடே அமையும். ஆதலால் வீட்டெண்ணை எழுதாமல் தீராது.

ஊரில் நம் அத்தைக்கு எண்பது வயதாகிறது. கைப்பேசியில் பேசினாலும், பொங்கலுக்குக் கடிதம் எழுதுவதை அவர் விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஊருக்குப் போகும்போது, நம் கையாலேயே விலாசம் எழுதிய உறைகள் பத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வருகிறோம். சாய்கோட்டை மட்டும் சிவப்பு மையில் எழுதுகிறோம்.