தேன் பெட்டிக்கு உறுதியான தாங்கி



2006 இல் சம்பூர், மூதூர் கிழக்குப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த பலர் இப்போது சொந்த வளவுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். இன்று நடும் தென்னை காய்க்கப் பல வருடம் செல்லும். தேன் பெட்டி அவ்வளவு காலம் காக்க வைக்காது. ஆனால், நம் நாட்டுத் தேனீ தொல்லை பொறுக்காது. எறும்பு ஏறினால் கூட்டமாகவே பெட்டியை விட்டுப் போய்விடும். ஆகவே முதலில் தாங்கியைச் சரியாகச் செய்யுங்கள்.

அலவாங்கைத் தூக்குமுன் ஒரு விடயம். உங்கள் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கையளிக்கப்படாத இடத்தில் ஒரு சாண் கிடங்குகூடக் கிண்ட வேண்டாம். கம்பு வெட்டவும் பற்றைக்குள் போக வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, உடனே அறிவியுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஐந்தடி நீளமான பாலை அல்லது முதிரைக் கட்டை ஒன்று போதும். பழைய இரும்புக் குழாயும் நல்லது. மரமென்றால் அடிப்பக்கத்துக்குக் கறையான் ஏறாதபடி கழிவு எண்ணெய் பூசுங்கள். இரண்டடி ஆழத்தில் நட்டு, கல்லும் மண்ணும் போட்டு இறுக்குங்கள். சீமெந்து இருந்தால் இன்னும் நல்லது. மேலே பெட்டியின் அளவுக்குப் பலகை அடித்து, பெட்டியைப் பலகையோடு சேர்த்துக் கட்டுங்கள். கயிற்றை நிலத்துக்கு இழுத்துக் கட்டினால் எறும்புக்கு அதுவே பாலமாகிவிடும்.

கட்டையின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் துணி சுற்றி, கழிவு எண்ணெயில் நனைத்து விடுங்கள். மழை கழுவாதபடி அதற்கு மேலே தகரத்தால் குடைபோல ஒரு மறைப்பு வையுங்கள். எண்ணெய் காயக் காயத் திரும்பவும் ஊற்றுங்கள். சுற்றிலும் புல்லைச் செதுக்குங்கள். ஒரு புல் நுனி பெட்டியில் முட்டினாலும் எறும்பு ஏறிவிடும்.

வாடை வடகிழக்கிலிருந்தும் கச்சான் தென்மேற்கிலிருந்தும் அடிப்பதால், பெட்டி வாசலைத் தென்கிழக்குப் பக்கம் திருப்புங்கள். காலை வெயிலும் படும். மாரி மழைத் தண்ணீர் உள்ளே நிற்காதபடி வாசல் பக்கம் சற்றுச் சரிவாக இருக்கட்டும். மத்தியான வெயிலுக்குக் கிடுகு நிழல் போடுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடம், மாடு கட்டும் இடம், நடைபாதை ஆகியவற்றுக்குத் தள்ளி வையுங்கள்.

பெட்டி, தேனீ பற்றிய மற்ற விடயங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம். தொல்லையில்லாத வீடென்றால் தேனீ தங்கும். வீட்டை விட்டு ஓடியலைந்த உங்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.