பெயர் சுட்டாத அன்பு



பத்தாண்டு நிறைவு விழாவில் ஒரு கள்ளியைப் பற்றிப் பேச விழைகிறேன். கள்ளி நமக்குப் புதிதன்று. பாலைத்திணைப் பாடல்களில் அது பிரிவின் சாட்சியாக நிற்கிறது. ஆனால் அது கீறினால் பால் வடியும் வேறொரு குடும்பத்துச் செடி. நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் உறவினம் ஒன்று தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் வடபகுதியில் அழிவை எதிர்நோக்கி நிற்கிறது.

அதன் பெயர் கொப்பியாப்போவா. அட்டகாமா பாலைவனத்தின் கடலோரமே அதன் தாயகம். மழையே காணாத ஆண்டுகள் அங்குப் பல. கடலிலிருந்து எழும் மூடுபனியின் ஈரமே அந்நிலத்து உயிர்களுக்கு ஆதாரம். இச்செடி மிக மிக மெல்ல வளர்வது. திரண்டு நிற்கும் ஒன்று நம் பாட்டனாரினும் மூத்ததாக இருக்கலாம். வெயிலைத் தாங்க அதன் உடலில் சாம்பல்நிற மெழுகு படர்ந்திருக்கும்.

அந்தச் சாம்பல் அழகே அதற்குப் பகையாயிற்று. பண்ணையில் வளர்த்த செடி பசுமையாக இருக்கும். பாலையில் முதிர்ந்ததே சாம்பல் பூத்திருக்கும். சேகரிப்போர் விரும்புவது அம்முதுமையைத்தான். எனவே வேரோடு பெயர்த்துக் கடல் கடத்துகிறார்கள். கள்ளிக் குடும்பத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1975 முதலே கட்டுப்பாடு உண்டு. ஆயினும் 2020 பிப்ரவரியில் இத்தாலியின் செனிகாலியா நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடிகள் பிடிபட்டன. அவற்றுள் 844 செடிகள் 2021இல் சிலிக்குத் திரும்பின. நாடு திரும்பின, ஆனால் தாம் வேரூன்றிய பாறை எதுவென்று அவற்றால் சொல்ல இயலுமா? கொப்பியாப்போவா வகைகளில் அழிவின் விளிம்பை நெருங்கியவை 2013இல் நூற்றுக்கு 55. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கில் 82.

அன்பர்களே, இவற்றை விலை கொடுத்து வாங்கியவர்கள் செடியை வெறுத்தவர்கள் அல்லர், விரும்பியவர்கள். அதுதான் என்னை உறுத்துகிறது. கைக்கொள்ளத் துடிக்கும் விருப்பமே கொல்லும் கருவியாகிவிடுகிறது. ஆகவே அரிய கள்ளி வளரும் இடத்தைத் துல்லியமாக வெளியிடாமல் மறைப்பதை ஆய்வாளர்கள் ஒரு காவல்முறையாகவே கொண்டிருக்கிறார்கள்.

ஊரும் பேரும் சொல்லிப் புகழ்வது புறத்தின் வழி. தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டாமல் காப்பது அகத்தின் மரபு. அந்த மரபின் பொருளை நான் ஏட்டில் படித்தேன். அட்டகாமாவின் சாம்பல் கள்ளியிடம்தான் உணர்ந்தேன். பாடுவோம், பறிக்க வழிகாட்டாமல் பாடுவோம்.