வகுப்பறைச் சமத்துவமும் சங்கத்தின் வேலையே

(தொடக்கப்பள்ளி ஆசிரியர் இயக்கத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே!

காலிப் பணியிடங்கள், பழைய ஓய்வூதியம், ஊதிய முரண்பாடு ஆகியவை குறித்து நம் சங்கங்கள் ஓயாது போராடி வருகின்றன. அக்கோரிக்கைகள் நியாயமானவை. ஆயினும் நம் தீர்மானங்களில் பெரும்பாலும் கடைசி வரியாக ஒதுங்கி நிற்கும் வகுப்பறைச் சமத்துவம் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

‘உள்ளடக்கிய கல்வி’ என்று நாங்கள் மொழிபெயர்க்கிறோம். அச்சொல்லில் எனக்கு நிறைவில்லை. அதனுள் ‘அடக்கு’ என்பதும் இருக்கிறது. குழந்தையை உள்ளே சேர்த்துக் கடைசி வரிசையில் அடக்கி அமர்த்தினாலும் அச்சொல் பொருந்திவிடும். நாம் கோருவது சமப் பங்கு.

2021 டிசம்பரில் உத்தரகண்டின் சம்பாவத் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், தலித் பெண் சமைத்த மதிய உணவை ஆதிக்க சாதி மாணவர்கள் உண்ண மறுத்தனர். நியமனத்தில் குறை கூறி அப்பெண்ணையே நிர்வாகம் நீக்கியது. கண்டனம் எழுந்த பின்னரே அவர் மீண்டும் அமர்த்தப்பட்டார். சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தருமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2004-இல்! தட்டை விலக்கும் பழக்கத்தைக் குழந்தைக்குப் புகட்டியவை வீடும் ஊரும். அப்பந்தியில் ஆசிரியர் அமர்ந்து முதற் கவளத்தை உண்பாராயின் அதற்கு ஈடான பாடம் வேறில்லை. அவ்வாறு அமரும் ஆசிரியருக்கு ஊரார் மிரட்டலோ இடமாற்றமோ நேருங்கால் அரணாக நிற்கவேண்டியது சங்கம்.

இனிக் கசப்பான கேள்வி. தலித் மாணவரைக் கழிப்பறை கழுவ ஏவியதாக நம் உறுப்பினர் மீதே புகார் எழுந்தால் என்செய்வது? உடலைத் துன்புறுத்துவதையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. முறையான விசாரணை கோருவது சங்கத்தின் உரிமை. விசாரணையே கூடாதென மறிப்பது, உறுப்பினர் சந்தாவுக்காகக் குழந்தையைக் கைவிடுவதாகும். உள்ளூர்த் தலைவர்கள் சிலருக்கு இது கசக்கும் என அறிவேன்.

இதனால் அரசின் பொறுப்பு குறைந்துவிடாது. ஓராசிரியர் ஐந்து வகுப்புகளைச் சுமக்கும் பள்ளியில், முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கோ மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கோ அவரால் எவ்வளவு நேரம் ஒதுக்க இயலும்? ஆகவே காலிப் பணியிடக் கோரிக்கையே சமத்துவக் கோரிக்கைதான். அதை நாம் பெற்றோரிடம் அவ்வாறு எடுத்துரைப்பதில்லை. 50-க்கும் குறைவான மாணவர் பயிலும் பள்ளிகளை அண்டைப் பள்ளிகளோடு இணைக்க 2025-இல் உத்தரப் பிரதேச அரசு முற்பட்டபோது, ஆசிரியர்களும் பெற்றோரும் எதிர்த்தனர். தொலைவு கூடினால் முதலில் நின்றுவிடுவோர் சிறுமியரும் நடக்க இயலாதோருமே. ஆசிரியர் பணியிடமும் குழந்தையின் உரிமையும் ஒரே கோரிக்கையாக இணையும் இடம் அது.

அடுத்த வட்டாரக் குழுக் கூட்டத்திற்கு வருமுன் ஒவ்வொரு தோழரும் தம் பள்ளியில் யார் எங்கே அமர்கிறார், யார் கூட்டுகிறார், யாருடைய தட்டு தனியே வைக்கப்படுகிறது என்பவற்றைப் பார்த்து எழுதிவர வேண்டுகிறேன். ஊதிய அறிக்கைக்கு முன்பாக அவை வாசிக்கப்படட்டும்.