கலியாணச் சமையலும் குப்பைக் கணக்கும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுற்றுச்சூழல் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று காரியதரிசி சொன்னார். ஓசோன் படலம், பனிமலை உருகுவது எல்லாம் தொலைக்காட்சியில் நீங்களே பார்க்கிறீர்கள். நான் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவிலேயே நின்றுகொள்கிறேன். நம்மவர் கலியாணம், உபநயனம், சஷ்டியப்தபூர்த்திக்கெல்லாம் சமைக்கும் ஒரு தேஹண்டக்காரரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அவருடைய எரிசேரியைச் சாப்பிட்டவர்களுக்கு யாரென்று தெரிந்திருக்கும்.

அவர் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர் அல்ல. விறகுச் செலவு தாங்கவில்லை என்றுதான் முதலில் என்னிடம் வந்தார். துலாவர்ஷத்தில் ரப்பர் விறகு, புளியம் விறகு எல்லாம் ஈரமாக வந்து இறங்கும். அடுப்பு புகையும், பருப்பு வேகாது, ஆட்கள் கண்ணைக் கசக்குவார்கள். நான் கல்லூரியில் படித்தது அங்கேதான் பிரயோஜனப்பட்டது. கொதிநிலையில் இருக்கும் ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். ஈர விறகை எரிப்பவர் பணத்தில் ஒரு பங்கை அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவழிக்கிறார். திறந்த அடுப்பிலோ விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது. அவர் செய்ததெல்லாம், கொல்லையில் ஒரு தகரக் கூரை போட்டு விறகை ஒரு பருவம் முன்பே வாங்கி அடுக்கியதுதான். அந்த வருஷமே விறகுக் கணக்கு இறங்கிவிட்டது. பிற்பாடு கூட்டு, சாம்பார், ரசமெல்லாம் 19 கிலோ சிலிண்டருக்கு மாறின. பிரதமன் மட்டும் இன்றும் வார்ப்பில், விறகில்தான். அதில் நான் தலையிடவில்லை.

அடுத்தது எச்சில் பிரச்னை. திருவனந்தபுரத்துக் குப்பையெல்லாம் போய்ச் சேர்ந்த விளப்பில்சாலை ஆலையை 2011 டிசம்பரில் ஊர்க்காரர்கள் மூடவைத்தது ஞாபகமிருக்கும். அதற்குப்பின் ஜில்லா முழுவதும் குப்பை என்றால் கண்கொத்திப் பாம்பாக ஆகிவிட்டார்கள். ராத்திரியில் சத்யை மிச்சத்தை ஆற்றங்கரையில் கவிழ்த்துவிட்டு வரும் காலம் போயிற்று. (அப்படி நடந்ததே இல்லை என்று சொல்லாதீர்கள். நெய்யாறு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது.) திருவனந்தபுரத்தில் பயோடெக் என்ற நிறுவனம் 1994-லிருந்து வீட்டுச் சமையல் கழிவில் எரிவாயு எடுக்கும் கலன்களை அமைத்து வந்தது. அதற்காக 2007-ல் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருதும் பெற்றது. அதைப் பத்திரிகையில் படித்திருந்த நம்மவர், சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கலன் கட்டிக்கொண்டார்.

நாலு மாதம் நன்றாக எரிந்தது. ஒரு நாள் காலையில் போன் வந்தது. "மாமா, காஸ் இருக்கு, ஆனா பத்தமாட்டேங்கறது!" போய்ப் பார்த்தேன். முதல் நாள் பெரிய கலியாணம். நறுக்கின எலுமிச்சை, நாரத்தைத் தோல், மிஞ்சின புளியிஞ்சி, ஒரு அண்டா புளித்த மோர், எல்லாவற்றையும் ஆட்கள் கலனில் கொட்டிவிட்டார்கள். நீல லிட்மஸ் காகிதத்தை நனைத்தேன், சிவந்துவிட்டது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அமிலத்தில் வேலை செய்யாது. அப்போது வருவது பெரும்பாலும் கரியமில வாயுதான், அது எப்படிப் பற்றும்? பத்து நாள் எதுவும் போடாமல் நிறுத்தி, சாணக் கரைசலும் கொஞ்சம் சுண்ணாம்பும் விட்டோம். மெள்ள மெள்ள உயிர் வந்தது. இப்போது புளிப்புக்குத் தனி வாளி. வாழையிலை கலனுக்குள் போவதில்லை. நார் போய் அடைத்துக்கொள்ளும். இலை பசுக்களுக்கும் தென்னந்தோப்புக் குழிக்கும் போகிறது. ஒரு கனமீட்டர் சாண எரிவாயு ஏறக்குறைய 0.43 கிலோ சிலிண்டர் காஸுக்குச் சமம் என்பார்கள். ஆகவே சிலிண்டரை அடியோடு விட்டுவிடலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். காபிக்கும், பாத்திரம் அலம்ப வெந்நீருக்கும் போதும்.

அந்த வெந்நீர்தான் அடுத்த மாற்றத்துக்கு வழிவிட்டது. அவருக்கு இரண்டு பக்கமும் தொழில். இந்தப் பக்கம் அமரவிளை, உதியங்குளங்கரை. களியக்காவிளையைத் தாண்டினால் மார்த்தாண்டம், நாகர்கோவில். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசின காகிதக் கப்புக்கும், மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் தடை வந்தது. கேரளத்தில் சரியாக ஒரு வருஷம் கழித்து, 2020 ஜனவரி 1-ல். அதனால் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காக ஐந்நூறு எவர்சில்வர் டம்ளர் வாங்கினார். கல்யாணத்துக்குக் கல்யாணம் கப்பு வாங்கும் செலவை ஒப்பிட்டால், டம்ளரின் விலை ஒன்றரை வருஷத்தில் திரும்பிவிட்டதாம். அலம்பும் மூன்று பெண்களுக்குக் கூலி போகத்தான் இந்தக் கணக்கு.

சிக்கல் வந்தது இந்தப் பக்கத்தில், நம்மிடம்தான். "பலபேர் குடிச்ச டம்ளர், எச்சில், வேண்டாம்" என்று நம் மாமாக்களே சொன்னார்களாம். எனக்கு அது புரியவில்லை. நம் பாட்டி வீட்டில் எத்தனை பித்தளை டம்ளர் இருந்தது? யாராவது உதட்டில் வைத்துக் குடித்தோமா? தூக்கிக் குடிக்கிற வழக்கம் நம்முடையது. காகிதக் கப்பு வந்த பிறகுதான் உறிஞ்சக் கற்றுக்கொண்டோம். அந்தக் கப்பு சுத்தம் என்று யார் சொன்னது? 2020-ல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் ஆராய்ந்தார்கள். காகிதக் கப்பில் 100 மில்லி சுடுநீர் கால் மணி நேரம் இருந்தால் அதில் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று கண்டார்கள். காபியோடு அதையும் குடித்துவிட்டு ஆசாரம் பேசினோம்.

கோவிட் காலத்துக்குப்பின் கப்பின் இடத்துக்குச் சின்னத் தண்ணீர் பாட்டில் வந்து உட்கார்ந்தது. போன வருஷம் நம் ஆண்டுவிழாவில் ஒவ்வொரு இலைக்கும் ஒரு பாட்டில். பந்தி எழுந்த பிறகு நானும் அவரும் ஒரு வரிசையில் எண்ணிப் பார்த்தோம். இருபத்தெட்டில் பத்தொன்பது பாட்டிலில் பாதித் தண்ணீருக்கு மேல் அப்படியே இருந்தது. திருவனந்தபுரத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டியையும், 2016-லிருந்து லட்சக்கணக்கான பெண்கள் கூடும் ஆற்றுகால் பொங்காலையையும் பசுமை நெறிமுறைப்படி நடத்திக் காட்டினார்கள். நாம் இருநூற்றைம்பது பேர்! கேரள உயர் நீதிமன்றமும் 2025 ஜூனில் கலியாண மண்டபங்களில் சிறு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது, அக்டோபர் 2 முதல் அமல் என்று உத்தரவிட்டது. கோர்ட்டு சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா என்பது என் வருத்தம்.

அவர் தம் பக்கத்தில் செய்யக்கூடியதைச் செய்துவிட்டார். "மாமா, மிச்சம் இருக்கறது கொடுக்கறவா கையில" என்கிறார். நியாயம்தான். டம்ளர் வைத்தால் அலம்புகிற கூலிக்காகத் தலைக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்கிறார். இருபத்தைந்து பவுன் போடுகிற கலியாணத்தில் அந்த இரண்டு ரூபாய்க்கு நாம் பேரம் பேசுகிறோம்.

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு யோசனை வைக்கிறேன். வரும் ஆண்டுவிழா சமையல் அவருக்குத்தான் பேசியாகிவிட்டது. சங்கத்துக்குச் சொந்தமாக முன்னூறு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, அங்கத்தினர் வீட்டு விசேஷங்களுக்கும் இரவல் கொடுக்கலாம். கொதிக்கும் வெந்நீரில் அலம்புவதை யார் வேண்டுமானாலும் பின்கட்டில் வந்து பார்த்துக்கொள்ளலாம். என் பெயரில் இருபத்தைந்து டம்ளர் எழுதிக்கொள்ளும்படி பொருளாளரிடம் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் காபிக்கு எழுந்திருப்பதற்கு முன் அவரிடம் சொல்லலாம்.