மருதமுனைத் தறியொலி



கல்முனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பாண்டிருப்பைக் கடந்ததும் மருதமுனை என்னும் ஊர் தொடங்குகின்றது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே வயலும் நீர்நிலையும். இடையே நெருங்கி நிற்கும் வீடுகள். முன்னாளில் இவ்வூருக்குள் நுழைந்தவர் செவியில், கடலலையின் ஓசையோடு வேறோர் ஓசையும் வந்து விழும். வீட்டுக்கு வீடு கைத்தறி இயங்கிய ஓசை அது. இன்றும் அவ்வொலி அற்றுப்போய்விடவில்லை. ஆயினும், தெருத் தெருவாய்த் தேடிச் சென்று, ஒரு கொட்டிலின் வாயிலில் நின்று கேட்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. அவ்வொலி குறைந்தது எதனால்? அது முற்றும் ஓய்ந்தால் நாம் இழப்பது யாது? இவ்விரு வினாக்களையும் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகின்றேன்.

தமிழ்மொழி நெசவோடு நெருங்கிய உறவு பூண்ட மொழி. பஞ்சிலிருந்து திரித்ததும் நூல். புலவன் இயற்றியதும் நூல். பனுவல் என்னும் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. மருதமுனையோ இவ்விரு நூலுக்கும் உரிய ஊர். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் அவர்கள் பிறந்த மண் அது. ஏட்டில் எழுதப்பட்ட நூல் அச்சேறிவிட்டால் நூலகத்தில் தங்கிவிடும். தறியில் நெய்யும் நூலின் கதை அத்தகையதன்று. அக்கலை நெசவாளியின் கையிலும் கண்ணிலும் காலிலும் மட்டுமே வாழ்கின்றது. கை ஓய்ந்தால் கலையும் ஓய்ந்துவிடும்.

ஒரு சேலை உருவாகும் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். கட்டுக் கட்டாய் வரும் நூலைக் கொதிக்கும் சாயத்தில் தோய்த்து, அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். பின்னர் அதனைச் சிறு கட்டைகளில் சுற்ற வேண்டும். இவ்வேலை பெரும்பாலும் பெண்களுக்குரியது. அதன்பின் நெடுக்காக அமையும் பாவு நூலை ஒரு பெரிய உருளையில் ஓட்டுவார்கள். எந்த நிறம் எத்தனை இழை, கரைக்கு எத்தனை, உடலுக்கு எத்தனை என்பதெல்லாம் நெசவாளியின் மனக்கணக்கில் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 60 இழை என்று கொண்டால், 46 அங்குல அகலமுள்ள சேலைக்கு 2,760 இழைகள் வேண்டும். ஒரு புதிய பாவைத் தறியில் பூட்டும்போது, அந்த 2,760 இழைகளையும் ஒவ்வொன்றாக விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிடையிலும் கோக்க வேண்டும். ஓரிழை தவறினாலும் துணி முழுவதும் ஒரு கோடாக அத்தவறு ஓடும்.

இவ்வளவும் நெசவுக்கு முந்திய வேலை. இனித்தான் நெசவு. காலால் மிதியை மிதித்தால் பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும். அவ்வாயினூடே நாடா ஊடை நூலை இழுத்துக்கொண்டு பாயும். அச்சுப்பலகை அந்நூலைத் தட்டிச் சேர்க்கும். ஓர் அங்குலத்துக்கு 50 முறை என்று வைத்துக்கொண்டாலும், ஆறு யார் சேலைக்கு 10,800 முறை நாடா பாய வேண்டும்! நாம் கடையில் ஒரு நொடியில் விரித்துப் பார்த்து, ஒரு நொடியில் மடித்து வைத்துவிடும் சேலைக்குள் இத்தனை அசைவு அடங்கியிருக்கின்றது.

இத்தொழில் செழித்திருந்த காலம் ஒன்றுண்டு. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் அந்நியத் துணிகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஆகவே உள்நாட்டு நெசவுக்கு வரவேற்பு மிகுந்தது. மருதமுனைச் சாரனும் சேலையும் நாட்டின் பல திசைகளுக்கும் சென்றன. 1977 ஆம் ஆண்டில் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. விசைத்தறித் துணிகள் வெளிநாடுகளிலிருந்து மலிவாக வந்து குவிந்தன. மறு ஆண்டு, 1978 நவம்பரில், பெருஞ்சூறாவளி கிழக்குக் கரையைச் சிதைத்தது. அதனைத் தொடர்ந்து நீண்ட போர், பாதைகள் அடைபட்டன, வணிகர் வரவு குன்றியது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடலே ஊருக்குள் புகுந்தது. இலங்கையில் அம்பாறை மாவட்டமே அன்று மிகுந்த உயிரிழப்பைக் கண்டது. மருதமுனையில் உயிர்களோடும் வீடுகளோடும் தறிகளும் போயின. தப்பியவர்கள் மீண்டும் தறி நாட்டினார்கள். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நூலும் சாயமும் விலையேறி, அவர்களை மறுபடியும் வாட்டின.

எனினும், புயலும் கடலும் செய்ததைவிட ஓசையின்றி நிகழும் இழப்பே பெரிது என்று எனக்குத் தோன்றுகின்றது. முதிய நெசவாளி ஒருவரிடம், "காக்கா, உங்கள் மக்களுக்கு இத்தொழிலைப் பழக்கினீர்களா?" என்று கேட்டேன். அவர் நாடாவை நிறுத்தாமலே கூறினார்: "பழக்கினேன் தம்பி. மூத்தவன் கட்டாரில் இருக்கிறான். இளையவன் ஓட்டோ ஓடுகிறான். மகள் நூல் சுற்றித் தருவாள். அவளுக்கும் படிப்பு இருக்கிறது. நெய்த துணிக்குத்தான் கூலி. நூல் சுற்றியதற்கும் பாவு ஓட்டியதற்கும் யார் கணக்கு வைக்கிறார்கள்?"

அப்பிள்ளைகளைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. கலையைக் காப்பாற்றுவதற்காக ஒரு குடும்பம் பட்டினி கிடக்க வேண்டும் என்பது நியாயமாகாது. வறுமையின் பொருட்டு ஒருவன் தறியில் அமர்வதும் நன்றன்று. வறுமையின் பொருட்டு அதனை விட்டு எழுவதும் நன்றன்று. விரும்பியவன் இத்தொழிலைச் செய்து மானத்தோடு வாழ முடியவேண்டும். அதுவே நாம் வேண்டுவது.

இந்நிலை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பனி மூடிய சுவீடன், நோர்வே, பின்லாந்து ஆகிய நாடுகளில் ஒற்றை ஊசியால் கம்பளிக் கையுறை செய்யும் பழங்கலை ஒன்றுண்டு. எலும்பாலோ மரத்தாலோ ஆன ஊசியில் குறுகிய கம்பளி நூலைக் கோத்து, பெருவிரலைச் சுற்றிக் கண்ணி கண்ணியாகப் பிணைப்பார்கள். நூல் தீர்ந்ததும் அடுத்த துண்டை நனைத்து, உள்ளங்கையில் உருட்டி ஒட்டிக்கொள்வார்கள். அவ்வாறு செய்த கையுறையில் ஓரிழை அறுந்தாலும் முழுவதும் பிரிந்து போவதில்லை. ஆயினும், விரைவாகச் செய்யத்தக்க பின்னல்முறை வந்ததும் அக்கலை ஒதுங்கியது. முதிய பெண்கள் சிலரிடம் மட்டுமே அது எஞ்சி நின்றது. அவர்களிடம் சென்று அமர்ந்து கற்றவர்கள் இருந்தமையால், அருகிப்போன அக்கலை மீண்டும் பலர் கைக்கு வந்தது. கற்பிக்க ஒருவர் உயிரோடு இருக்கும்போதே கற்றுக்கொள்ள ஒருவர் சென்றார். மருதமுனைக்கும் இது பொருந்தும்.

நேயர்களே, நாம் செய்யத்தக்கவை யாவை? கைத்தறி என்று சொல்லித் துணி வாங்கும்போது, அது எவ்வூரில் எவர் நெய்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். துணியின் ஓரத்தை நோக்குங்கள். நாடா சென்று திரும்பிய தறியில் ஊடை நூல் ஓரத்தில் மடிந்து திரும்பியிருக்கும். நாடாவில்லாப் பெருவிசைத்தறித் துணியின் ஓரத்திலோ வெட்டுண்ட இழைகள் தென்படும். இது ஒன்றே முழுச் சான்றாகிவிடாது. ஆயினும் நோக்கி வாங்கும் பழக்கம் உண்டானால் போலி குறையும். பள்ளி ஆசிரியர்கள் தங்கள் மாணவரை ஒரு நாள் தறியருகே அழைத்துச் செல்லலாம். நெசவாளர் வாயில் வழங்கும் தொழிற்சொற்களையும், அவர்தம் மனத்தில் உள்ள கரைக் கணக்குகளையும் இளைஞர் எழுதி வைக்கலாம். நூலும் சாயமும் தடையின்றி நியாய விலைக்குக் கிடைக்கச் செய்வது ஆட்சியாளர் கடமை. சுற்றும் கைக்கும் நெய்யும் கைக்கும் சேர்த்துக் கூலி கணக்கிடுவது வணிகர் கடமை.

நான் விடைபெற்று எழுந்தபோது அம்முதியவர், "அடுத்த முறை வரும்போது யாராவது ஒரு பிள்ளையைக் கூட்டி வாருங்கள் தம்பி, இருக்க இடம் இருக்கிறது" என்று தமக்கு அருகிலிருந்த தறியைக் காட்டினார். அத்தறியில் பாவு பூட்டியிருந்தது, ஆள் இல்லை. அவ்விடத்தை நிரப்பும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உண்டு என்று கூறி அமைகின்றேன்.