காலையில் விறைக்கும் கைகள்



நூற்றாண்டு விழாவில் வருத்தங்களைப் பற்றியா பேசுவது என்று சிலர் கேட்டார்கள். இந்த மண்டபத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். அதனால்தான் முடக்குவாதத்தைத் தெரிவு செய்தோம்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. அம்மாவும் இப்பாடசாலையின் பழைய மாணவிதான். 67 வயதில் இடியப்பம் அவிப்பதை நிறுத்தினார். "ரெண்டு பேருக்கு ஏன் பிள்ளை உரலோட மல்லுக்கட்டுவான், கடையில வாங்குவம்" என்றார். நாங்களும் சிரித்துவிட்டு இருந்துவிட்டோம். பிறகு தேங்காய் திருவுவதும் நின்றது. நோ என்று சொன்னபோது, சிக்குன்குனியா விட்டுப்போன நோ என்று நினைத்தோம். 2006 இன் இறுதியில், ஏ-9 பாதை மூடிக்கிடந்த நாட்களில், அந்தக் காய்ச்சல் குடாநாட்டில் பரவியதை மறந்திருக்கமாட்டீர்கள். அதற்குப் பிறகு எந்த மூட்டு நொந்தாலும் பழி அதற்குத்தான். ஒருநாள் சேலைக்கு ஊசி குத்த முடியாமல் அம்மா அழுதபோதுதான் அவருடைய கைகளைப் பிடித்துப் பார்த்தோம். விரல் மொளிகள் வீங்கிச் சூடாக இருந்தன. கிளினிக்கில் நாளுக்கு எத்தனை கைகளைப் பிடித்துப் பார்க்கிறோம்! வீட்டில் ஏறத்தாழ ஒரு வருடம் போய்விட்டது.

அது சிறிய காலமல்ல. இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. முதல் இரண்டு வருடங்களுக்குள்ளேயே எலும்பு அரிபடத் தொடங்கலாம். அரிபட்ட எலும்பு பழைய நிலைக்கு வராது.

வயது போக வரும் மூட்டுத் தேய்வு வேறு. அதில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும்; வேலை செய்யச் செய்ய நோ கூடும். முடக்குவாதத்தில் விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நிற்கும். கை அசைய அசையக் குறையும். மணிக்கட்டும் விரலடி மொளிகளும் இரண்டு கையிலும் வீங்கும். அறுபதுக்குப் பிறகு தொடங்கினால் தோள்மூட்டில் திடீரென்று வருவதும் உண்டு. ரூமற்றோயிட் காரணி இரத்தத்தில் இல்லை என்று வந்தாலும் நோய் இருக்கலாம்.

மருந்துக்கு வருவோம். மெதொற்றெக்சேற் குளிசையைப் புற்றுநோய் மருந்து என்று யாரோ சொல்ல, பயந்து நிறுத்திவிடுகிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் வழிநடத்திய ஆய்வுக் குழுவிலிருந்து 1940களின் இறுதியில் வந்த மருந்து அது. முதலில் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். மூட்டுக்குக் கொடுப்பது மிகச் சிறிய அளவு. 1988 இல் அமெரிக்காவில் இந்நோய்க்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் கிழமைக்கு ஒருநாள் மட்டும். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஈரல், சிறுநீரகம், குருதிக்கலங்களைப் பார்க்க இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. வயதானவர்கள் பாமசியில் தாங்களாகவே நோக்குளிசை வாங்கி மாதக்கணக்காக விழுங்குவதுதான் எங்களுக்கு இதைவிடப் பயம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது சத்தமில்லாமல் கெடுக்கும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவுடன் கதைக்கும்போது "சுகமா?" என்று கேட்டால் "சுகம்" என்றுதான் சொல்லுவார். காலையில் கை மடக்க எவ்வளவு நேரம் செல்கிறது, போத்தல் மூடி திறக்க முடிகிறதா, முன்பு செய்த எந்த வேலையை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். வீடியோவில் கையைக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை குளிசை நாள். குசினிக் கலண்டரில் அவரே வட்டம் போட்டு வைத்திருக்கிறார். குழாய்க்கு நீட்டுக் கைபிடி போட்டோம். திருவலையை மேசையில் பூட்டினோம். இரண்டு விரல்கள் சற்று வளைந்தபடிதான் இருக்கின்றன. இடியப்பம் இப்போதும் கடையில்தான். புட்டை மட்டும் தானே குழைப்பார், எங்களைக் கிட்டவும் விடமாட்டார்.