பிள்ளைச் சோற்றுக்குப் பேரமா?

(தோட்டத் தொழிலாளர் மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மணவிலக்கைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசைத் தோழர்கள் சிலர் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். இது உங்கள் பிள்ளைகளின் விஷயம்.

தோட்டத்தில் ஒரு குடும்பம் பிரிந்தால் என்ன நடக்கிறது? கோயில் முன்னால் நாலு பெரியவர்கள் கூடுகிறார்கள். "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று ஒரு தாளில் அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். சண்டை ஓய வேண்டும் என்பதே பெரியவர்களின் எண்ணம்; அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்தத் தாள் மணவிலக்கு ஆகாது. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார் அதன்படி கோர்ட்டில்தான் பிரிய முடியும். பிள்ளையின் செலவைத் தாய் விட்டுக் கொடுத்துக் கையெழுத்திட்டிருந்தாலும், அந்த ஒப்பந்தத்தை மாற்றக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பிள்ளையின் சோற்றை வைத்துப் பேரம் பேச யாருக்கு உரிமை இருக்கிறது?

"நான் மணவிலக்குக் கேட்கவில்லையே, அவர் பணம்தானே தருவதில்லை" என்கிறாள் ஒரு சகோதரி. அம்மா, அதற்கும் வழி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1950-இல், மனைவி மக்கள் ஜீவனாம்சச் சட்டம் வந்துவிட்டது. மணவிலக்குக் கேட்காமலேயே அதன் கீழ் மாதப் பணம் கோரலாம். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாமல் விட்ட குடும்பங்கள் நம்மில் எத்தனை! மனைவியின் வழக்கு அதனால் சிக்கலாகும், உண்மை. பிள்ளைக்கோ, பெற்றோர் முறைப்படி மணந்திருந்தாலும் மணக்காவிட்டாலும், தகப்பனிடம் ஜீவனாம்சம் கேட்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. இவன்தான் தகப்பன் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டம் மாறிப் போய்விட்டால் கோர்ட்டு தேடி வராது என்று நினைக்காதீர்கள். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உத்தரவான பணத்தைக் கட்டாமல் பாக்கி வைத்தால், உங்கள் சம்பளத்திலிருந்தே பிடிக்கும்படி முதலாளிக்குக் கோர்ட்டு உத்தரவிடலாம். சம்பளப் பிடித்தம் என்றால் கொதித்து எழும் சங்கத்துக்காரன்தான் நானும். இந்தப் பிடித்தத்துக்கு மட்டும் கொடி பிடிக்க மாட்டேன்!

சகோதரிகளே, நீங்களும் பாக்கியை வருஷக்கணக்கில் சேரவிடாதீர்கள். மூன்று வருஷத்துக்கு முந்திய பாக்கியை வழக்குப் போட்டு வாங்க முடியாது.

சொத்துக்கு வருவோம். லயத்து வீடு தோட்டத்துடையது. அதில் பங்கு கேட்க வழியில்லை. புருஷன் பெயரில் வேலையும் வீடும் இருந்தால், பிரியும் அன்றே பெண்ணுக்குக் கூரை போகிறது. இந்தக் கொடுமையை எந்தக் கோர்ட்டும் தீர்க்காது. அது சங்கத்தின் வேலை. ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமானில் வீடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பத்திரத்தில் புருஷன் பெயர் மட்டும் இருக்கும். மணவாழ்க்கையில் தேடிய சொத்தானால், பெயர் யாருடையதாயினும் கோர்ட்டு பங்கிடலாம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், நிரை வெட்டி, பால் சுமந்து, வந்து மாட்டுக்குப் புல்லறுத்தவள் அவள். அது உழைப்பில்லையா? முன்பெல்லாம் புருஷன் தனியாகச் சம்பாதித்து வாங்கியது என்றால் அவனுக்கே பெரிய பங்கு. 2018 டிசம்பர் 15-இல் அமலான திருத்தம் அந்த வேற்றுமையை எடுத்துவிட்டது. வீட்டைக் கவனித்ததையும் பிள்ளை வளர்த்ததையும் கணக்கில் சேர்த்து, சரிபாதியை நோக்கிச் சாய வேண்டும் என்பதே இன்றைய சட்டம். அதே திருத்தத்தின்படி ஜீவனாம்சமும் 18 வயதோடு நின்றுவிடாது. மேற்படிப்பு முடியும் வரை நீளும்.

இருவரும் சம்மதித்தால் கூட்டு மனு போடலாம். ஒருவர் மட்டும் கேட்டால், பெரும்பாலும் முதலில் பதிவிலாகாவின் சமரசக் குழுவிடம் போக வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவைக் கேளுங்கள். வருமானம் பார்த்து உதவுவார்கள்.

கல்யாணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன் கட்டிய ரசீது இவற்றை இன்றைக்கே ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். சண்டை வந்த பிறகு தேடினால் கிடைக்காது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். மனுவை நாம் சேர்ந்து எழுதுவோம்.